மீதி சில்லறை

முதல் வாரம் நாக்கில் ஒரு ரூபாய் நாணயம்
வந்து படுத்துக்கொண்டது. துப்பினாலும் போகவில்லை.
காபியில், ரசத்தில், பூங்காவனம் வைத்த
கருவாட்டுக் குழம்பில்கூட
அதன் விளிம்பு இடித்தது.
"இருபத்திரெண்டு வருசமா பையில வசூல்,
இப்ப வாயிலயுமா?" என்று சிரித்தாள்.

இரண்டாம் வாரம் சிரிப்பில்லை.
வேலூர் – குடியாத்தம், நாளைக்கு ஐந்து நடை.
கொணவட்டம் தாண்டினால் வயிற்றில் கியர் மாறும்.
பொய்கைக்குள் நெற்றி வேர்க்கும்.
பள்ளிகொண்டா வரை பல்லைக் கடித்துக்கொண்டு
"உள்ள போ, உள்ள போ" என்றதில்
ஜனத்திடம் சொன்னது பாதி,
வயிற்றிடம் சொன்னது மீதி.

எந்த பெட்ரோல் பங்கில் குழாயில் தண்ணீர் வரும்,
எந்தக் கல்யாண மண்டபத்து வாட்ச்மேன்
கேள்வி கேட்கமாட்டார்,
பாலாற்றில் எந்த இடத்தில் இன்னும் முள்புதர் மிச்சம்—
டிப்போ தராத ரூட் மேப் ஒன்று
என் குடலில் அச்சாகியிருந்தது.

டிரைவர் எத்திராஜுலு எதுவும் கேட்கமாட்டார்.
கண்ணாடியில் என் முகம் பார்த்து ஓரம் கட்டுவார்.
"டயர்ல காத்து பாக்கணும்" என்பார் பயணிகளிடம்.
அந்த மாதம் எங்கள் டயர்களைப்போல்
காற்று பார்க்கப்பட்ட டயர்கள்
மாவட்டத்திலேயே கிடையாது.

பிறகு நான் கெட்டிக்காரனானேன்.
டூட்டி நாளில் மாத்திரை இல்லை.
லீவு நாளில் மட்டும்.
வயிறு அடங்கியது.

மூன்று மாதச் சராசரி சொல்லும் ரத்தப் பரிசோதனை
செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி.
பாதி வழியில் ஏறினாலும்
எத்தனை நாள் டிக்கெட் போடவில்லை என்று அதற்குத் தெரியும்.
அடுக்கம்பாறை டாக்டரம்மா
ஒன்பது புள்ளி நாலைப் பேனாவால் தட்டினாள்.
டிக்கெட் எங்கே என்றால்
காலிச் சட்டைப்பையை ஆறு தடவை தடவுகிறவர்களை
எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.
தடவினேன். அட்டை இருந்தது. நீட்டினேன்.
எண்ணினாள். பத்துக்கு எட்டு.

"வயித்தால போவுதுன்னு சொல்லவேண்டியதுதானே?"
சொல்லவேண்டியதுதான்.
மெதுவாகக் கரைகிற வேறொன்று எழுதினாள்,
சாப்பாட்டோடு போட.
கூடவே ஒரு பொடி மாத்திரை.
"இதைப் போட்டுட்டு சாப்பாட்டத் தள்ளிப் போடாதீங்க."

தள்ளிப் போட்டேன். செவ்வாய்க்கிழமை,
பொய்கை மாட்டுச் சந்தை, படிக்கட்டு வரை கூட்டம்,
டிபன் டப்பா டிரைவர் சீட்டுக்குப் பின்னால்.
விரல் நடுங்கியது. டிக்கெட் மெஷினில் எண்கள்
கோழிக்குஞ்சுகளாய்ச் சிதறின.
யார்மேலோ கோபம் வந்தது,
யாரென்றுதான் தெரியவில்லை.
மாட்டு வியாபாரி ஒருவர் நூறு கொடுத்ததற்கு
ஐந்நூறுக்கான மீதி எண்ணிக் கொடுத்தேனாம்.
அவர் பணத்தைப் பார்க்கவில்லை.
தொப்பலாய் நனைந்த என் சட்டையைப் பார்த்தார்.

"எங்கூட்லயும் இது கீது."
மடியிலிருந்து எடுத்தது வெல்லம்.
வாங்கப்போகும் மாட்டுக்கென்று கொண்டுவந்தது,
மாடு படியாததால் மிச்சம். வைக்கோல் தூசு ஒட்டியிருந்தது.
"மொதல்ல மெல்லு. அப்பறம் விசிலு."
மென்றேன். விரிஞ்சிபுரம் கூட்ரோட்டுக்குள்
எண்கள் திரும்பி வந்து வரிசையில் நின்றன.
நானூறு ரூபாயை அவரே என் பைக்குள் போட்டார்.

இப்போது சில்லறைக்கு அடியில் வெல்லக்கட்டி.
ஐந்து ரூபாயோடு எறும்பும் வருகிறது என்று
இதுவரை யாரும் திருப்பித் தரவில்லை.
நாக்கில் அந்த ஒரு ரூபாய் தேய்ந்து
ஐம்பது பைசாவாகிவிட்டது.
யாரும் வாங்காத காசு. கிடக்கட்டும்.

நேற்று இரண்டு மணிக்குப் பள்ளிகொண்டாவில்
எத்திராஜுலு எஞ்சினை நிறுத்தினார்.
"இன்னாண்ணே, டயரா?" என்றான் ஒரு காலேஜ் பையன்.
"இல்ல தம்பி. எனக்கு சுகரு. சாப்பிடணும்."
பஸ் முழுக்கக் கேட்டிருக்கும்.
அவன் தலையாட்டிவிட்டு
டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்:
"அப்ப என் மூணு ரூபா?"