பதினேழு

கடந்த இரண்டு வாரங்களில், என்று தொடங்க வேண்டும்.
படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது.
கொன்சலா சிரித்தாள்:
"ரெண்டு கிழமைன்னு கேளுங்க மிஸ்,
வாரம்னா ரேடியோ செய்தி மாதிரி."
வெட்டிவிட்டு, கிழமை என்று எழுதினேன்.
ஆராய்ச்சியின் மேல் நான் போட்ட முதல் கீறல்.

ஒன்பது கேள்வி, நான்கு விடை:
இல்லவே இல்லை, சில நாள், பாதிக்கு மேல், அநேகமாய்த் தினமும்.
கூட்டினால் பதினேழு.
இரண்டு கிழமை கழித்தும் பதினேழு.
கொச்சிக்கடை அந்தோனியாருக்குக் கொடி ஏறி
இறங்கிய பிறகும்
பதினேழு.

என் வேலைக்குப் பெயர் இணைப்பாளர்.
கிராண்ட்பாஸ் கிளினிக் பலகையில்
சிங்களத்தில் சரியாயிருக்கிறது;
தமிழில் ஒரு சுழி குறைவு.
கீழ்த்தளத்து டொக்டர் ஸிஹாராவையும்
வியாழன் மட்டும் திரையில் வரும்
மனநல மருத்துவர் வீரக்கொடியையும்
நான் இணைக்கிறேன், குறைந்த சுழியோடு.
வீரக்கொடி கொன்சலாவைக் கண்டதில்லை.
அவர் காண்பது ஒரு கோடு.
சரிய வேண்டிய கோடு.

காலிமுகத்து ஹோட்டலில், கடலுக்கு முதுகு காட்டி
பயிற்சி தந்தவர்கள் சொன்னார்கள்:
எட்டுக் கிழமையில் இறங்காவிட்டால்
காத்திருக்காதே, மாற்று.
நல்ல விதி. நம்புகிறேன்.
அதற்கு முன் நாங்கள் வருஷக்கணக்காய்
அதே குளிசையை அதே துண்டில்
'தொடரவும்' என்று எழுதிக் காத்திருந்தவர்கள்.

"அளவைக் கூட்டுவோமா?" என்றார் வீரக்கொடி.
"முதல்ல அவ போடுறாவான்னு கேளுங்க" என்றார் ஸிஹாரா.

பின்னேரம் கெய்சர் வீதி.
துணி அளக்கும் கோலைக் கையில் வைத்துக்கொண்டே,
முதலாளி காசெண்ணும் நேரம் பார்த்துச் சொன்னாள்:
"எங்க தோட்டத்துல இருபத்திரெண்டு வீடு, ஒரே பைப்பு.
மூணரைக்குத் தண்ணி வரும், அஞ்சுக்கு நிக்கும்.
இந்தக் குளிசையப் போட்டா விடியிறதே தெரியாது."
அப்படியென்றால் எப்போது போடுவீர்கள்?
"போயாவுக்கு.
அன்னிக்குத் தங்கச்சி வந்து பிடிப்பா."

மாதத்துக்கு ஒன்று!
நாங்கள் மூன்று பேர், ஒரு கணினி, ஒரு வரைபடம்,
மாதத்துக்கு ஒரு குளிசையின் பலனை
அளந்துகொண்டிருந்திருக்கிறோம்.

ஒன்பது கேள்விக்குள் பைப்பு இல்லை.
ஆனால் பதினேழு அசையாமல் நின்றிராவிட்டால்
நான் கெய்சர் வீதிக்குப் போயிருக்க மாட்டேன்.
அதையும் எழுதத்தான் வேண்டும்.

வீரக்கொடி குளிசையை மாற்றினார், காலையில் போடுவதாய்.
முதல் கிழமைகள் தலை சுற்றும் என்று ஸிஹாரா எச்சரித்தார்.
பக்கத்து வீட்டு நவ்ஷாத்தின் மகன்
செவ்வாயும் வெள்ளியும் அவள் வாளியையும்
வரிசையில் வைக்க ஒப்புக்கொண்டான்.
இது எந்தக் கட்டத்தில் வருமென்று தெரியாமல்
'ஏனையவை'யில் எழுதினேன்.

பதினைந்து.
பதினொன்று.
பிறகு பன்னிரண்டு.
"ஏன் ஏறியது?" திரை கேட்டது.
அழுகிறாளாம், டொக்டர். முன்பெல்லாம் வரவே இல்லையாம்.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
இணைப்பு அறுந்ததோ என்று நினைத்தேன்.

ஒன்பதாவது கேள்வி வரும்போது
நான் பேனையைக் கீழே வைத்துவிடுவேன்.
யாரும் அதைக் கற்றுத் தரவில்லை.
செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு, என்று
பேனையோடு ஒருவரைக் கேட்க எனக்கு வராது.
முன்பு அவள் விடை: சில நாள்.
சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள்.

இன்று, நான் வைக்கப் போகையில்
கையைத் தொட்டாள்.
"வைக்காதீங்க மிஸ்.
பிடிச்சுக்கிட்டே கேளுங்க,
இல்லைன்னுதான் சொல்லப் போறேன்."