மொம்பாசா

அறுபதாம் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள்.
"தொடக்கம், வளர்ச்சி, வாங்கிய கோப்பைகள்,
கடைசியில் நன்றி" என்றார் தலைவர்.
மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்தேன்.
முதல் பன்னிரண்டு பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது.
ஆகவே பதிமூன்றில் தொடங்குகிறது எங்கள் வரலாறு:
'பந்துக்கு பிளாடர் மாற்றிய வகையில் ஒன்றேகால் ரூபாய்.'

அதற்கும் முன்னால் ஒரு கோடு வந்தது.
களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் கூலிக்குச் சட்டம் வந்தது,
இந்தப்பக்கம் வரவில்லை.
கொல்லத்து முதலாளி
லாரி வாடகையையும் அதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தார்.
கைதமுக்கில் அண்டியாபீஸ் முளைத்தது.

தல்லவும் தொலி உரிக்கவும் பெண்கள் முன்னூற்றிப் பத்து.
ஆண்கள் பதினாலு.
அதில் ஒருவர் கிழவர், ஒருவர் கணக்கப்பிள்ளை,
ஒருவர் ஞாயிற்றுக்கிழமை களிக்காத பெந்தெகொஸ்து.
மிச்சம் பதினொன்று.
தேர்வு என்று தனியாக எதுவும் நடக்கவில்லை.

கப்பலில் வந்த சாக்கில் நீல மையில் மொம்பாசா என்றிருக்கும்.
வறுப்புக்காரன் ஞானசிகாமணி சாக்குகளைக் கூட்டித் தைத்து
இரண்டு கமுகுக்கு நடுவே கோல்வலை கட்டினான்.
பெயர் அப்படி வந்ததுதான்.
இன்றைக்கும் மைக்காரன் கேட்பான்,
"டீம்ல ஆப்பிரிக்காக்காரன் உண்டா?"

தோட்டெண்ணெய் பொத்த கைக்குப் பெண்கள் பூசும் சாம்பலை
வழுக்காமலிருக்க கோலி தங்கையனும் பூசிக்கொண்டான்.

*

அறுபத்தொன்பது. அமரவிளை.
எதிரே அதே முதலாளியின் அக்கரை ஆபீஸ்.
"எல்லாம் நம்ம குடும்பம்" என்று அவரே கோப்பை வைத்தார்,
அவரே லாரி விட்டார்,
பெண்கள் நின்றுகொண்டே வந்தார்கள்.

இடைவேளையில் கட்டன்சாயாவும் மரச்சீனியும்.
நேசபாயும் அந்த ஊர் சரசம்மாவும்
ஆளுக்கொரு கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.
ஒரே கறுப்பு.
"கிலோவுக்கு எத்தற?"
சரசம்மா சொன்னாள்.
நேசபாய் இன்னொருதரம் கேட்டாள்,
மலையாளம் புரியாமல் அல்ல.

இரண்டாம் பாதியில்
எங்கள் பக்கம் ஒரு கூச்சல் கிடையாது.
முன்னூற்றிப் பத்து பேரும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.
தங்கையன் அடுத்தடுத்து இரண்டு கோல் விட்டான்.
யாரும் ஏசவில்லை.
அதுதான் பயமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னான்.

மினிட்ஸ்: '3–1 தோல்வி. சாயா நாலு ரூபாய்.'
அடுத்த வரி திங்கட்கிழமை: 'ஆபீஸ் இல்லை.'
செவ்வாய்: 'இல்லை.'
நாற்பத்தியொரு தரம் இல்லை.

பத்தொன்பதாம் நாள் இரவு
ஞானசிகாமணி பின்வாசல் வழியாக உள்ளே போய்
அடுப்பு மூட்டினான். ஐந்து பிள்ளைகள் அவனுக்கு.
ஆட்டக்காரர் பட்டியலில்
அவன் பெயர்மேல் பென்சில் கோடு.
இரண்டு வருஷம் கழித்து அதே பெயர் மையில்,
யார் எழுதினார்கள் என்று குறிப்பில்லை.
வலது விங்கில் அவனைப்போல ஓட வேறு ஆளும் இல்லை.

கூலி ஏறியது,
சரசம்மா சொன்னதில் முக்கால்.
பந்துக்காசை முதலாளி நிறுத்தினார்.
அந்த வாரம் முதல் கையெழுத்து மாறுகிறது,
சாய்வில்லாத, ஒவ்வொன்றாக நிறுத்தி எழுதிய எழுத்து:
'தலைக்கு அஞ்சு பைசா. வரவு பதினஞ்சு ரூபா அம்பது.
ஒப்பம், நேசபாய்.'

*

பிறகு ஆபீஸ் வேறு எந்தக் கோட்டைத் தேடிப் போனதோ,
தெரியாது. அண்டி காயப்போட்ட சிமெண்டுக் களத்தில்
இப்போது ரப்பர் ஷீட் தொங்குகிறது.
களி வாசிகசாலைக்குப் பின்னால், வயல் அறுத்த பிறகு.

மலருக்கு ஒரே ஒரு பழைய படம்.
பதினொரு பேர், ஆறு பேருக்கு மட்டும் பூட்ஸ்.
பின்னால், தெளிவில்லாமல்,
மதிலேறி நிற்கும் சேலைகள்.
மேல்பக்கம் வெட்ட வேண்டாம் என்று அச்சகத்துக்கு எழுதினேன்.
"பக்கம் போதாது சார். கோப்பை லிஸ்ட் வேற இருக்கே."

லிஸ்டை எடுத்துவிடுங்கள் என்றேன்.