அளந்து விடுதல்

டொலிடோவில் ஜனவரி. மாமீ ஆறு உறைந்து கிடக்கிறது.
கண்ணாடி ஆலையின் புகைபோக்கி மட்டும்
நானூற்றெண்பது டிகிரியை
இரவும் பகலும் வானத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.
வானம் கேட்கவில்லை.
(இங்கே எல்லோரும் ஃபாரன்ஹீட்டில் பேசுகிறார்கள்.
எனக்குச் செல்சியஸில்தான் சுடுகிறது.)

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளக்கத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள்,
கையில் வெப்பமானி, காதுக்குள் பஞ்சு,
ஹெல்மெட்டுக்கு அடியில் கம்பளித் தொப்பியோடு.

தாளில் எளிதுதான்.
ஒரு பக்கம் புகை, மறுபக்கம் தண்ணீர்,
நடுவே மூன்று மில்லிமீட்டர் எஃகு.
எதிரெதிராய் ஓடவிட வேண்டும்:
ஆறிப்போன புகைக்குக் குளிர்ந்த தண்ணீர்,
கொதிக்கும் புகைக்கு ஏற்கெனவே சுட்ட தண்ணீர்.
என் அடுக்ககச் சுவரும் அப்படித்தான்.
பக்கத்து வீட்டு ஷிமான்ஸ்கி அம்மாள்
பகல் முழுக்க ஹீட்டரை ஏற்றி வைக்கிறார்,
எனக்கு கேஸ் பில் குறைகிறது.
நாங்கள் பேசிக்கொண்டது இரண்டே முறை.

குழாய்க்குத் துடுப்பு வைத்தால் பரப்பு கூடும்.
துடுப்பின் இடுக்கில் உப்புத் தூள் படியும்,
படிந்தால் புகை திணறும், உலை இருமும்.
ஆகவே மொட்டைக் குழாய்கள்.
கை நுழையும் இடைவெளி.
ஆறு வாரத்துக்கு ஒருமுறை தட்டிவிட ஒரு கதவு.

பேராசைக்கும் ஒரு வெப்பநிலை உண்டு.
நூற்று நாற்பதுக்குக் கீழே இழுத்தால்
புகைக்குள் ஒளிந்திருக்கும் கந்தகம்
அமிலமாய் வியர்த்து எஃகைத் தின்னும்.
இருநூறில் நிறுத்தினேன். மிச்சம் வானத்துக்கே.
"இன்னும் கொஞ்சம் எடுக்க முடியாதா?" என்றார்
மேலாளர் ஹார்டிங்.
கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன்.
அவர் காபியைக் கலக்கினார்.

மூன்றாம் நாள்,
புகைவழி தெற்கே திரும்பும் வளைவில்,
உள்ளே செங்கல் தேய்ந்து
வெளித்தகடு ஐம்பதில் சுடுகிற இடத்தில்,
என் கணக்கில் வராத சில பொருட்கள்:
காயப்போட்ட பதினோரு ஜோடிக் கையுறைகள்,
திறக்காத தக்காளி சூப் டின் ஒன்று,
ஒரு காது கிழிந்த சாம்பல் பூனை.

இரவு ஷிப்ட் லெனார்ட் கோவால்சிக் சொன்னார்:
"இருபத்தாறு வருஷமா இங்கதான் வைக்கிறோம்.
ஈரக் கையுறையோட யார்டுக்குப் போனா
விரல் மிஞ்சாது."

என் வரைபடம் அந்த வளைவை
நூறு மில்லிமீட்டர் கனிமக் கம்பளியால் போர்த்தியிருந்தது.
இழப்பு என்ற கட்டத்தில்
அதற்கு நேரே மூன்று கிலோவாட்.

அன்றிரவு மோட்டல் மேசையில்
கம்பளியை இரண்டு மீட்டர் வெட்டினேன்.
மூன்றை இழப்பிலிருந்து எடுத்துப்
பயன் என்ற கட்டத்தில் போட்டேன்.
கூட்டுத்தொகை மாறவில்லை. திறன் மட்டும்
தசமத்துக்கு அப்பால் எங்கோ உயர்ந்தது.

"இந்த மூன்றின் பயனாளி யார்?"
ஹார்டிங் சிவப்பு மையில் கேட்டிருந்தார்.
பதினோரு ஜோடிக் கையுறைகள் என்று எழுதினேன்.
பூனையை எழுதவில்லை.
சம்பளப் பட்டியலில் அதன் பெயர் இல்லை.