பன்னிரண்டாவது கேள்வி

பல்கலைக்கழகத்துப் பிள்ளை தந்த படிவத்தில்
பதினொரு கேள்விக்கு விடை எழுதிவிட்டேன்.
பதிவிலக்கம் இருக்கிறது. வங்கிக் கணக்கு இருக்கிறது,
அதில் நாலாயிரத்து இருநூறு ரூபா.
அங்கத்தவர் நூற்றுப் பதினாறு.
வருகிறவர் எத்தனை என்று கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

பன்னிரண்டு:
சங்கத்தின் செயற்பாட்டைத் தீர்மானிக்கும் காரணிகள் எவை?
நிதி. தலைமைத்துவம். பயிற்சி. அரச ஆதரவு.
பெட்டிக்குள் புள்ளடி இடுக.

பைப்படிக்குப் பெட்டி இல்லை.

மட்டக்குளித் தோட்டத்தில் இருந்தபோது
அறுபத்திரண்டு வீட்டுக்கு இரண்டு பைப்.
விடிய நாலரைக்குத் தண்ணீர் வரும்,
அதற்கு முன்னமே வாளிகள் வந்துவிடும்.
எமல்டாவின் புருசனுக்கு ஹாபரில் வேலை போனது,
சம்சுனின் மகளுக்குக் காய்ச்சல் இறங்காதது,
களனி ஆறு கோழிக்கூடு வரை ஏறியது
எல்லாம் வாளி நிறைவதற்குள் தெரிந்துவிடும்.
கூட்ட அறிவித்தல் என்று ஒரு கடதாசி
நாங்கள் அடித்ததே இல்லை.
சண்டையும் அங்கேதான்.
விடியலில் தலைமயிர் பிடித்த கைகள்
பின்னேரம் சாவீட்டுக்குக் கதிரை தூக்கும.

வெளிநாட்டுக் காசு மூன்று வருசம் வந்தது.
படங்கள் அதிகம் உள்ள வருசங்கள் அவை.
காசு நின்றபின்
பதாகை எமல்டாவின் குசினிக்குக் கூரையானது.
நல்ல ரப்பர் துணி, ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பிறகு தொடர்மாடி.
பதின்மூன்று தட்டு, வீட்டுக்கு வீடு பைப்.
குறை சொல்ல மாட்டேன், என் இடுப்பு நிமிர்ந்தது இங்கேதான்.
ஆனால்
ஒன்பதாம் மாடி விக்டர் செத்ததை
லிஃப்டில் ஒட்டிய படத்தைப் பார்த்து அறிந்தேன்,
அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து.
மரண உதவிச் சங்கத்தின் செயலாளர், நான்.

போன மாதம் லிஃப்ட் பழுதானது.
எல்லோருக்கும் ஆறாம் மாடியில் மூச்சு முட்டியது.
முதல் நாள் படியில் குந்தினோம்.
இரண்டாம் நாள் யாரோ ஒரு கதிரை வைத்தார்கள்.
ஐந்தாம் நாள் நாலு கதிரை, ஒரு பிளாஸ்க் பிளேன்டீ,
'சங்கம் இன்னும் இருக்கா?' என்று சிங்களத்தில் கேட்ட திலகா.
பதினோராம் மாடியில் நடக்க முடியாத சம்சுனுக்கு
அரிசி மூட்டை தட்டுத் தட்டாய்க் கைமாறிப் போனது.

புதன்கிழமை லிஃப்டைத் திருத்திவிட்டார்கள்.
கதிரைகளை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

படிவத்தின் கடைசியில் 'வேறு' என்றொரு கோடு,
அரை விரல் நீளம்.
பேனையைத் தீட்டித் தீட்டி எழுதுகிறேன்,
'மூச்சு' மட்டும்தான் அதில் கொள்கிறது.