இருநூறு கிராம்

ட்ரென்யாக் தராசு
நூறு கிலோவுக்கு இருநூறு கிராம் குறைத்துச் சொல்லும்.
ஊருக்கே தெரியும்.
நிறுக்கப்போகும் பன்றிக்கும் தெரியும் என்பான் மிலுதின்.

முதல் போரில் பின்வாங்கிய படை
மக்காச்சோளத்தை நிறுத்து எடுத்துக்கொண்டு ரசீது தந்தது.
போர் முடிந்து ரசீதை நீட்டியபோது
நாட்டுக்கே வேறு பெயர்.

நாற்பத்தாறில் கோதுமைக்குக் கெடு வைத்தார்கள்.
க்வோஸ்தென் பரணைத் துடைப்பத்தால் கூட்டி
நாற்பது மூட்டை கொண்டுவந்தான்.
ஏழு கிலோ குறைகிறது என்றார்கள்.
எட்டு மாதம் உள்ளே இருந்தான்.
சிறையில் தைத்த செருப்போடு திரும்பியவன்
அதைப் பற்றி வாய் திறக்கவில்லை,
செருப்பு நன்றாக உழைத்தது என்பதைத் தவிர.

தொண்ணூற்று மூன்றில் நோட்டுகளை எண்ண முடியவில்லை.
கன்று விற்ற பணத்தையும் இதே தட்டில் வைத்தோம்.
நாலரைக் கிலோ.
கடைக்குப் போய்ச் சேர்வதற்குள்
அது ஒரு பொட்டலம் உப்பாகியிருந்தது.

இப்போது ராஸ்பெரி.
ஜூலையில் விடியுமுன் பறிப்பு,
விரல் இடுக்கெல்லாம் சிவப்பு.
மேட்டில் வியன்னாக்காரர்களின் மூன்று மாடி வீடுகள்,
வாசலில் சிமெண்ட் சிங்கங்கள்;
ஆகஸ்டில் இரண்டு வாரம் மட்டும் ஜன்னல் திறக்கும்.
இருபத்திரண்டு வருஷமாக நான் இங்கே பதிவேடு எழுதுகிறேன்.
மனக்கணக்கில் இருநூறைக் கூட்டிக்கொண்டே எழுதுகிறேன்.

நேற்று க்ராகுயெவாட்ஸிலிருந்து ஒரு பையன் வந்தான்.
பித்தளைக் கற்களை வெல்வெட் பெட்டியிலிருந்து எடுத்தான்.
ஒரு திருகைக் கால் சுற்று திருப்பினான்.
ஈய முத்திரை வைத்தான்.
அவ்வளவுதான், என்றான்.
மிலுதின் கொடுத்த பிளம் சாராயத்தைக் குடித்து இருமினான்.

"இத்தனை வருஷத்து இருநூறுகள் எங்கே, தம்பி?"
பெட்டியை இறக்காமலே கேட்டாள் ராதோய்கா.
வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான்.
நாங்களும் சிரித்தோம், விருந்தாளி அல்லவா.

அன்று மாலையே குளிர்கிடங்கு முதலாளி
கிலோவுக்கு நாற்பது தினார் குறைத்தான்.
அதற்குத் திருகு எங்கே இருக்கிறது என்று
பையன் சொல்லிவிட்டுப் போகவில்லை.

இரவு அலமாரியின் அடித்தட்டைக் கிளறினேன்.
எலி அரித்தது போக, நாற்பத்தாறின் பதிவேடு இருந்தது.
நாற்பது மூட்டை, நூறு கிலோ வீதம்.
தராசு விழுங்கியது எட்டு.
அவர்கள் குறையென்றது ஏழு.

பேனாவை எடுத்தேன்.
க்வோஸ்தென் பெயருக்கு எதிரே
வரவுப் பத்தியில் எழுதினேன்:
ஒரு கிலோ, கோதுமை.
கையெழுத்துப் போட்டு, இன்றைய தேதியும் போட்டேன்.

வெளியே ராதோய்காவின் டிராக்டர்
மறுபடியும் கிளம்ப மறுத்துக்கொண்டிருந்தது.