தெளிந்த வளையம்

பரங்கிப்பேட்டைப் பாத்தியில்
சித்திரை வெயில் சுண்டவைத்த நீர்
இளஞ்சிவப்பாகிக் கிடந்தது.
"அழுக்கு" என்று வழித்தெறிந்தார் தனகோடி.
குடித்தனம் என்றேன், குப்பியை நீட்டி.

பதினோராம் நாள்
அவர் குதிகால் சீழில் வளர்த்த படலத்தின் நடுவே
தெளிந்த வளையம்:
பதினான்கு மில்லிமீட்டர்.
மீன் ஏலத்தில்
கத்தி உருவியவனைச் சுற்றிக்
கூட்டம் விலகினாற்போல.
அன்றிரவு நான் தூங்கவில்லை.

பிறகு உப்பைக் குறைத்தேன்,
உடம்புக்குள் ஓடுகிற அளவுக்கு.
வளையம் இல்லை.
மூன்று தட்டிலும் இல்லை.
நல்ல தண்ணீர் பட்டால்
வெடித்துச் சாகிற இனம்;
அதன் ஆயுதத்துக்கும் உப்பில்தான் கூர்.

"மருந்து ஆச்சா, மேடம்?"
கட்டு இன்னும் நனைந்திருந்தது.
உங்க ரத்தத்துல உப்பு பத்தலண்ணே, என்றேன்.

திரும்பி நின்றார்.
சட்டை முதுகெல்லாம்
வெள்ளையாய்ப் பூத்திருந்தது.