அரைப்பேர்

எண்ணெய் வைத்த தலையில் மின்முனை ஒட்டாது.
ஆகவே முதல் வேலை
ஒரு பாக்கெட் ஷாம்பூ, ஒரு வாளி வெந்நீர்.
கோத்தகிரிக்கு மேலே, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில்
தொட்டில் கொக்கிகளில் ஒயர்களை மாட்டிவிட்டு
சிவபாக்கியம் அக்காவின் தலையில்
பத்தொன்பது இடம் குறித்தேன்.
"பேன் இருந்தா அதுவும் கம்ப்யூட்டர்ல தெரியுமா?"
சிரித்தார். தாடை அசைந்ததில்
திரை முழுக்கப் புயல்.

ஒப்புதல் படிவம் ஏழு பக்கம். தமிழாக்கியது நான்.
'தன்னார்வமாக' என்று வாசித்தபோது
கொழுந்து மடுவத்தில் ஒருவரும் தலையாட்டவில்லை.
"கங்காணி வரச் சொன்னாரு, வந்தோம்."
நாலாம் பக்கத்தில் அக்கா நிறுத்தினார்:
"மறந்தது தெரியுமா, மறைச்சது தெரியுமா?"
மறந்ததுதான் அக்கா, ஞாபக ஆராய்ச்சி, என்றேன்.

அது பாதி உண்மை.
மீதி, மேனேஜர் பங்களாவில்
டீ குடித்துக்கொண்டிருந்தது.
இங்கே பேர் என்றால் ஒரு நாள் கூலி;
கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.
எந்த நிரையில் எவள் கவனம் எத்தனை மணிக்குத் தளர்கிறது என்று
ஒரு தொப்பி சொல்லிவிட்டால்
தராசுக்கு முன்னாலேயே வெட்டிவிடலாம்.

காதில் பெயர்கள்.
தெரிந்தால் வலது பொத்தான், தெரியாவிட்டால் இடது.
மருமகன், வலது. கோயில் பூசாரி, வலது.
இட்டு நிரப்ப நாங்களே கோத்த பெயர்கள்
இடது, இடது.
பதினேழாவதாக யாரோ ஒரு லோகசிங்கம்.
இடது.
ஆனால் விரல் இறங்குமுன்
நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள்
கோடு எழுந்து நின்றது,
பெரட்டில் பேர் கூப்பிட்ட ஆளைப்போல.

மூன்று முறை அந்தப் பெயர். மூன்று முறையும் இடது.
மூன்று முறையும் எழுந்தது.
அவர் ஜன்னலில் சில்வர் ஓக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கப்பலில் வந்தபோது வயது எட்டு என்று
படிவத்தில் இருக்கிறது.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மூன்றையும் தேர்ந்தெடுத்து
'கண் இமைப்பு, நீக்குக' என்று குறித்தேன்.

அது இமைப்பல்ல.
பேராசிரியருக்குத் தெரிந்தால் மோசடி என்பார்,
சரியாகத்தான் சொல்வார்.
என் கை பட்ட கோடுகளில் இனி
எதை நானே நம்புவது?

பசையைத் துடைத்துவிட்டேன், காதோரம் கொஞ்சம் மிச்சம்.
முந்நூறு ரூபாய்க்குக் கையெழுத்து.
நோட்டுகளை இரண்டாம் தடவை எண்ணி
"அரைநாள்தானே குந்தியிருந்தேன்,
முழுப்பேரா போட்டிருக்கீங்க?"

முழுப்பேர்தான் அக்கா.